கேட்வேயில் நம்பகச் சான்றிதழ் ஆணையங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையப் போக்குவரத்தை வடிகட்டும் பெட்டியோ மென்பொருளோ இல்லாத கல்லூரியும் அலுவலகமும் இன்று அரிது. ஃபயர்வால், பிராக்ஸி, வெப் கேட்வே என்று பெயர்கள் பல. இங்கே எல்லாவற்றையும் கேட்வே என்றே சொல்கிறேன். அதன் நிர்வாகப் பக்கத்தில் 'நம்பகமான சான்றிதழ் ஆணையங்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். ஓர் இணையதளம் அசல்தான் என்று கையெழுத்திட்டுச் சான்றிதழ் தரும் அமைப்புகளே இந்த ஆணையங்கள். நிறுவிய நாளில் திறந்து பார்த்ததோடு பெரும்பாலானோர் அதை மறந்துவிடுகிறார்கள். ஒரு கல்லூரியின் நெட்வொர்க்கைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். இதே வேலையில் இருக்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

உலாவியிலேயே நம்பகப் பட்டியல் இருக்கிறது. கேட்வேக்குத் தனியாக ஒன்று எதற்கு?

மறைகுறியிட்ட இணைப்புகளைக் கேட்வே திறந்து பார்க்காமல் அப்படியே விட்டுவிடும் வரை தேவையில்லை. 'எச்.டி.டி.பி.எஸ். ஆய்வு' என்ற வசதியை இயக்கியவுடன் நிலைமை மாறிவிடுகிறது. ஒன்றாக இருந்த இணைப்பு இரண்டாகப் பிரிகிறது: உலாவிக்கும் கேட்வேக்கும் இடையே ஒன்று, கேட்வேக்கும் வெளி சர்வருக்கும் இடையே மற்றொன்று. வங்கியின் உண்மையான சான்றிதழ் கேட்வேயோடு நின்றுவிடுகிறது. கேட்வே அந்த நொடியில் தன் கையெழுத்தைப் போட்டு எழுதித் தரும் மாற்றுச் சான்றிதழ்தான் உலாவிக்குக் கிடைக்கிறது.

ஆய்வகக் கணினி ஒன்றில் உட்கார்ந்து ஏதாவது ஒரு தளத்தைத் திறங்கள். முகவரிக்கு முன்னால் இருக்கும் குறியைச் சொடுக்கிச் சான்றிதழின் விவரத்தைப் பாருங்கள். 'வழங்கியவர்' என்ற வரியில் உலகறிந்த ஆணையத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் கல்லூரியின் பெயர் இருக்கும். எந்தத் தளத்தைத் திறந்தாலும் அதே பெயர்தான். எதிரே இருக்கும் சர்வர் அசலா போலியா என்று பார்க்கும் வேலை உலாவியின் கையைவிட்டுப் போய்விட்டது என்பதற்கு அந்த ஒரு வரியே சாட்சி. வளாகத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் இனி கேட்வேயின் பட்டியல்தான் கண்.

இந்தக் கண் எவ்வளவு மங்கலாக இருக்க முடியும் என்பதை 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஃபயர்ஃபாக்ஸ் புதுப்பிப்பு சர்வர்களுக்கு வந்த இணைப்புகளில், நடுவில் இடைமறிக்கப்பட்டவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 97 விழுக்காடு, இடைமறிப்பு இல்லாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் பாதுகாப்பைவிடக் குறைவான பாதுகாப்போடு வந்து சேர்ந்திருந்தன. பாதுகாப்புக்காக வாங்கி வைத்த பொருளே பாதுகாப்பைக் குறைத்திருக்கிறது.

ரூட் சான்றிதழை எல்லாக் கணினிகளிலும் நிறுவிவிட்டோம். வேலை முடிந்ததுதானே?

பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ரூட் என்பது ஓர் ஆணையத்தின் மூலச் சான்றிதழ்; அதை நம்பினால் அந்த ஆணையம் கையெழுத்திட்ட எல்லாவற்றையும் நம்புவதாகப் பொருள். நான் சந்தித்த குழப்பங்களில் பெரும்பாலானவை, இங்கே இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன என்பது தெரியாததால் வந்தவை.

முதலாவது, உள்நோக்கிய நம்பிக்கை. உங்கள் கேட்வே கையெழுத்திடப் பயன்படுத்தும் ரூட் சான்றிதழை வளாகத்தின் கணினிகள் நம்ப வேண்டும். நீங்கள் நிறுவியது அதைத்தான். அதை நிறுவாவிட்டால் உலாவி எச்சரிக்கை காட்டும், போன்மேல் போன் வரும், அதனால் யாரும் மறப்பதில்லை.

இரண்டாவது, வெளிநோக்கிய நம்பிக்கை. வெளியுலக சர்வர்கள் நீட்டும் சான்றிதழ்களில் எந்தெந்த ஆணையங்களின் கையெழுத்தைக் கேட்வே ஏற்கும் என்ற பட்டியல் இது. இது பழையதாகிப்போனாலும், தேவையற்ற பெயர்கள் சேர்ந்துகொண்டாலும் யாரும் போன் செய்யமாட்டார்கள். எல்லாம் நன்றாகத் திறக்கும். போலித் தளமும் நன்றாகவே திறக்கும்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும். சில கேட்வேகளில் கையெழுத்திடும் சான்றிதழ்கள் இரண்டு இருக்கும். வெளி சர்வரின் சான்றிதழ் சரியாக இருந்தால் ஒன்றாலும், சந்தேகத்துக்குரியதாக இருந்தால் மற்றதாலும் கையெழுத்திடும். இரண்டாவதை வேண்டுமென்றே கணினிகளில் நிறுவக் கூடாது. அது நம்பப்படாமல் இருப்பதால்தான் உலாவி எச்சரிக்கை காட்டுகிறது. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் புதிதாக வந்த இளைஞர், 'இதுவும் நம்முடையதுதானே' என்று இரண்டையும் குரூப் பாலிசி (விண்டோஸ் கணினிகளுக்கு அமைப்புகளை மொத்தமாக அனுப்பும் வசதி) வழியாக எல்லாக் கணினிகளுக்கும் தள்ளிவிட்டார். அன்றோடு எச்சரிக்கைகள் அடியோடு நின்றுபோயின. 'புகார்கள் குறைந்துவிட்டன' என்று மேலாளர் பாராட்டவும் செய்தார். உங்கள் கேட்வேயில் இப்படி இரண்டு இருந்தால், எது எங்கே போயிருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

உலக அளவில் நான்கு பட்டியல்கள் முக்கியமானவை: மொசில்லா, மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், கூகுள் ஆகியோருடையவை. குரோம் 2022 வரை இயங்குதளத்தின் பட்டியலை நம்பியிருந்தது. அதன் பிறகு படிப்படியாகத் தனக்கென ஒன்றை வைத்துக்கொண்டது. ஆணையங்கள் ஆண்டுதோறும் தணிக்கைக்கு உட்பட வேண்டும், தவறு நடந்தால் பொதுவில் விளக்க வேண்டும். நம் நாட்டின் இமுத்ரா நிறுவனத்தின் எம்சைன் ரூட் சான்றிதழும் இப்படித்தான் உலாவிகளின் பட்டியலுக்குள் வந்தது.

லினக்ஸ் விநியோகங்களில் வரும் சான்றிதழ்த் தொகுப்பு மொசில்லாவிடமிருந்து எடுக்கப்படுவது. லினக்ஸின்மேல் கட்டப்பட்ட பல கேட்வேகளுக்கும் அதுவே மூலம். விண்டோஸ் சர்வரில் ஓடும் பிராக்ஸி என்றால் ஒரு நுணுக்கம் உண்டு: விண்டோஸ் எல்லா ரூட் சான்றிதழ்களையும் முன்கூட்டியே அடுக்கி வைத்திருப்பதில்லை, தேவைப்படும்போது விண்டோஸ் அப்டேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். பாதுகாப்புக்காக அந்த சர்வருக்கு அப்டேட் இணைப்பைத் துண்டித்து வைத்திருந்தால், நல்ல தளங்களே 'நம்பப்படாதவை' என்று காட்டும்.

இவ்வளவு பெரிய நிறுவனங்கள் பார்த்துச் சேர்த்த பட்டியலை நாங்களும் கவனிக்க வேண்டுமா?

நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்று ஓர் ஆணையம் இருந்தது. டச்சு அரசுக்கே சான்றிதழ் வழங்கிய நிறுவனம். 2011 கோடையில் ஊடுருவியவர்கள் அதன் பெயரில் 500-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை எழுதிக்கொண்டார்கள். ஜூலை 10 அன்று எழுதப்பட்ட ஒன்று, கூகுளின் எல்லா முகவரிகளுக்கும் செல்லுபடியாகக்கூடியது. ஊடுருவல் ஜூலை மாதமே அந்த நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்டது. வெளியே சொல்லவில்லை. அந்தப் போலிச் சான்றிதழைக் கொண்டு ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்களின் இணைப்புகள் இடைமறிக்கப்பட்டன. ஏறத்தாழ 3 லட்சம் இணைய முகவரிகள் பாதிக்கப்பட்டதாகப் பின்னர் நடந்த விசாரணை கண்டது. ஆகஸ்ட் இறுதியில் ஈரானைச் சேர்ந்த ஒருவர், குரோம் காட்டிய எச்சரிக்கையைக் கூகுளின் உதவிப் பக்கத்தில் எழுதிக் கேட்டபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. செப்டம்பரில் அந்த நிறுவனம் திவாலானது.

குரோம் ஏன் எச்சரித்தது? கூகுளின் தளங்களுக்கு எந்தச் சாவிகள் (சான்றிதழோடு வரும் மறைகுறி எண்கள்) உரியவை என்பதைத் தனக்குள்ளேயே பதித்து வைத்திருந்தது. இப்போது இதை உங்கள் வளாகத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளூரில் நிறுவப்பட்ட ரூட் சான்றிதழ் கையெழுத்திட்ட இணைப்பு என்றால் குரோம் அந்தச் சோதனையைச் செய்வதில்லை. செய்தால் எந்த நிறுவனத்திலும் ஆய்வு வேலை செய்யாது. பொதுப் பதிவேட்டில் சான்றிதழ் பதியப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் வெளிப்படைத்தன்மைச் சோதனையையும் அத்தகைய இணைப்புகளில் விட்டுவிடுகிறது. அன்று ஈரானில் இருந்தவரைக் காப்பாற்றிய எச்சரிக்கை, ஆய்வு இயக்கப்பட்ட ஒரு கேட்வேக்குப் பின்னால் இருந்தவருக்கு வந்திருக்காது. கேட்வே டிஜிநோட்டாரை நம்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதனால்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

இந்தியாவில் இப்படி ஏதாவது நடந்ததுண்டா?

2014 ஜூலையில் நடந்தது. தேசியத் தகவலியல் மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை, அதாவது ரூட்டின் சார்பில் கையெழுத்திடும் சான்றிதழ்களைக் கொண்டு, கூகுளின் முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதைக் கூகுள் கண்டுபிடித்தது. அந்த இடைநிலைச் சான்றிதழ்களுக்கு மேலே இருந்தது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன்கீழ் இயங்கும் சான்றளிக்கும் ஆணையங்களின் கட்டுப்பாட்டாளரின் ரூட். மறுநாளே அந்த இடைநிலைச் சான்றிதழ்கள் ரத்து செய்யப்பட்டன. வழங்கும் நடைமுறையே ஊடுருவப்பட்டிருந்தது என்று தெரிவிக்கப்பட்டது. அதன் பிறகு குரோம் அந்த ரூட்டை இந்திய அரசு, கல்வித் தளங்கள் போன்ற சில முகவரிகளுக்கு மட்டும் செல்லுபடியாகும்படி சுருக்கிவிட்டது.

இதில் நம் வேலைக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அந்த இந்திய ரூட் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இருந்தது. மொசில்லா பட்டியலில் இல்லை. ஆகவே விண்டோஸ் பட்டியலை நம்பிய மென்பொருள்கள் ஏமாறக்கூடிய நிலையில் இருந்தன, ஃபயர்ஃபாக்ஸ் தப்பியது. உங்கள் கேட்வே எந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறது என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

அப்படியானால் தெரியாத வெளிநாட்டு ஆணையங்களை எல்லாம் நீக்கிவிடலாமா?

ஆர்வத்தில் பலரும் இதைச் செய்து பார்க்கிறார்கள். நானும் ஆரம்ப நாட்களில் செய்து பார்த்தேன். துருக்கி, தைவான், ஹங்கேரி என்று பெயர்களைப் பார்த்து நீக்கியதில், ஒரு வாரத்துக்குள் ஆராய்ச்சி மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். அவர்கள் தேடும் பல்கலைக்கழகங்களின் பக்கங்கள் திறக்கவில்லை. பெயரைப் பார்த்தோ நாட்டைப் பார்த்தோ நீக்குவதில் பயனில்லை.

மொசில்லாவும் குரோமும் ஓர் ஆணையத்தை விலக்கும்போது நீங்களும் விலக்குங்கள், தாமதமில்லாமல். ஆனால் அங்கே ஒரு சிக்கல் வரும். உலாவிகள் இப்போதெல்லாம் ஒரே அடியாக விலக்குவதில்லை; 'இந்தத் தேதிக்குப் பிறகு வழங்கியவை செல்லாது' என்று கோடு போடுகின்றன. என்ட்ரஸ்ட் ஆணையத்தின் பழைய ரூட்கள் விஷயத்தில் குரோம் 2024 நவம்பர் 11-ஐயும், மொசில்லா அதே மாதம் 30-ஐயும் கோடாக வைத்தன. சிமான்டெக்கின் சான்றிதழ்களை 2018-இல் குரோம் இரண்டு கட்டமாக நிறுத்தியது. பெரும்பாலான கேட்வேகளில் தேதி போட வழியில்லை. ஒரு ரூட்டை நம்பலாம் அல்லது நம்பாமல் இருக்கலாம், அவ்வளவுதான். உடனே நீக்கினால் செல்லுபடியாகும் பழைய சான்றிதழ்களும் போய்விடும். ஆகவே உலாவிகள் போட்ட கோட்டுத் தேதியோடு ஒரு சான்றிதழின் அதிகபட்ச ஆயுளைக் கூட்டி, அந்த நாளை நாட்காட்டியில் குறித்து வைத்து, அன்று நீக்குவேன். நடுவில் உள்ள இடைவெளி எனக்கு உவப்பானதில்லை; அதைவிட நல்ல வழி இந்தப் பெட்டிகளில் இல்லை.

ஒரு தளம் 'நம்பப்படாத ஆணையம்' என்று தடுக்கப்படுகிறது. ஆனால் போனில் திறக்கிறது. அந்தச் சான்றிதழைப் பட்டியலில் சேர்த்துவிடலாமா?

சேர்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். பத்தில் எட்டு முறை, ஆணையத்தில் குறை இருக்காது; தளத்தை நடத்துபவர் இடைநிலைச் சான்றிதழை அனுப்ப மறந்திருப்பார். டெண்டர் தளங்களிலும் தேர்வு முடிவு தளங்களிலும் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். சங்கிலி என்பது தளத்தின் சான்றிதழ், இடைநிலை, ரூட் என்று போகும். நடுக் கண்ணி இல்லாவிட்டால் கேட்வேக்கு ரூட் வரை போக வழி தெரியாது. போனில் திறப்பதற்குக் காரணம், உலாவிகள் விட்டுப்போன கண்ணியைத் தாங்களே தேடி எடுத்துக்கொள்வதுதான். குரோம், சான்றிதழுக்குள் எழுதியிருக்கும் முகவரிக்குப் போய் இறக்கிக்கொள்ளும். ஃபயர்ஃபாக்ஸ், அறியப்பட்ட இடைநிலைச் சான்றிதழ்களை முன்பே சேர்த்து வைத்திருக்கும். கேட்வேகள் பல இந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை.

அந்த ஆணையத்தின் சொந்தத் தளத்திலிருந்து இடைநிலைச் சான்றிதழை இறக்குங்கள். தடுக்கப்பட்ட தளத்திலிருந்தே சேமித்துச் சேர்ப்பது, வாசலில் நிற்பவனிடமே அவன் அடையாள அட்டையை அச்சடித்துத் தரச் சொல்வதற்குச் சமம். இறக்கியதன் விரல்ரேகையை, அதாவது எஸ்.எச்.ஏ.-256 எண் வரிசையை, ஆணையம் வெளியிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். முதல் நான்கும் கடைசி நான்கும் பொருந்தினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். நான் காகிதத்தில் அச்செடுத்து, ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்க்கும்படி செய்வேன். பிறகு 'இடைநிலை' என்ற பகுதியில் சேர்க்க வேண்டும், 'ரூட்' பகுதியில் கூடாது. முடிந்தால் அந்தத் தளத்தை நடத்துபவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். அவர் சரிசெய்துவிட்டால் உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

உண்மையிலேயே தனி ஆணையம் ஒன்றைச் சேர்க்க வேண்டிய நேரங்களும் உண்டு. கூட்டு ஆராய்ச்சி செய்யும் நிறுவனம் தன் உள் சர்வருக்குத் தானே சான்றிதழ் எழுதியிருக்கலாம். அப்போதும் அந்த ஆணையத்தை உலகம் முழுவதற்கும் நம்பாதீர்கள். 'இந்த முகவரிக்கு மட்டும் இந்தச் சான்றிதழ்' என்று விதிவிலக்கு கொடுக்கும் வசதி உங்கள் கேட்வேயில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ரூட் பட்டியலில் சேர்ந்துவிட்டால் அந்தச் சிறு நிறுவனத்தின் சாவியை வைத்திருப்பவர் எந்த வங்கியின் பெயரிலும் சான்றிதழ் எழுதலாம், உங்கள் கேட்வேயும் தலையாட்டும்.

தேர்வு நேரம், ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். சரிபார்ப்பைத் தற்காலிகமாக அணைத்துவிடலாமா?

கூடாது. ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், அது எங்களிடமே நடந்திருக்கிறது.

2021 செப்டம்பர் 30, இந்திய நேரம் மாலை 7.31. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவச ஆணையத்தின் சான்றிதழ்களைப் பழைய கருவிகளும் ஏற்பதற்காகத் துணையாக இருந்த 'டி.எஸ்.டி. ரூட் சி.ஏ. எக்ஸ்3' என்ற ரூட் அந்த நிமிடத்தில் காலாவதியானது. புதிய ரூட்டான 'ஐ.எஸ்.ஆர்.ஜி. ரூட் எக்ஸ்1' எங்கள் கேட்வேயின் பட்டியலில் இருந்தது. இருந்தும் மறுநாள் காலையில் பாதித் தளங்கள் திறக்கவில்லை. இணைய வகுப்புகள் நடந்துகொண்டிருந்த காலம். துறைத் தலைவர்கள் நேரில் வந்துவிட்டார்கள். என்னோடு இருந்தவர், நிர்வாகப் பக்கத்தில் 'சர்வர் சான்றிதழைச் சரிபார்' என்ற பெட்டியில் இருந்த டிக் குறியை எடுத்தார். எல்லாம் திறந்தன. 'மாலையில் திரும்பப் போட்டுவிடுகிறேன்' என்றார்.

அந்த மாலை ஏழு மாதம் கழித்து வந்தது. காலாவதியான சான்றிதழ் கொண்ட ஒரு சோதனைப் பக்கத்தை வேறொரு காரணத்துக்காகத் திறந்தேன். எந்தத் தடையும் இல்லாமல் பச்சையாகத் திறந்தது. உலாவி எச்சரிக்கவும் வழியில்லை. ஏனென்றால் அதன் கைக்கு வந்தது எங்கள் கேட்வே புதிதாக எழுதிக்கொடுத்த, எல்லா வகையிலும் சரியான சான்றிதழ். ஏழு மாதம் எவ்வளவு பேர் எவ்வளவு கடவுச்சொற்களை அந்த வழியாகத் தட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

அன்று செய்திருக்க வேண்டிய திருத்தம் மிகச் சிறியது. கேட்வேக்குள் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் மென்பொருளான பழைய ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2, சர்வர் அனுப்பும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு காலாவதியான ரூட் வரை போய்விடும். புதிய ரூட்டோடு முன்னதாகவே நிறுத்திக்கொள்ளத் தெரியாது. பட்டியலிலிருந்து காலாவதியான ரூட்டை நீக்கியிருந்தால் போதும், சங்கிலி புதிய ரூட்டில் வந்து நின்றிருக்கும். எல்லோரும் எதைச் சேர்ப்பது என்று தேடிக்கொண்டிருந்தோம். மருந்து நீக்குவதில் இருந்தது.

அவசரம் என்றால், தடைபட்ட அந்தத் தளங்களை மட்டும் ஆய்விலிருந்து விலக்குங்கள். அப்போது உலாவியே நேராகச் சரிபார்த்துக்கொள்ளும், பாதுகாப்பு குறையாது.

கேட்வே கையெழுத்திடும் எங்கள் சொந்த ஆணையத்தை எப்படிப் பாதுகாப்பது?

அதன் ரகசியச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் உங்கள் வளாகத்தின் எல்லாக் கணினிகளுக்கும் எந்தத் தளமாகவும் வேடமிட முடியும். இதற்கு 2015 பிப்ரவரியில் லெனோவோ மடிக்கணினிகளில் வெளிப்பட்ட சூப்பர்ஃபிஷ் விவகாரத்தைவிடத் தெளிவான பாடம் கிடையாது. விளம்பரம் நுழைக்கும் அந்த மென்பொருள் ஒவ்வொரு கணினியிலும் ஒரு ரூட்டை நிறுவியது. எல்லாக் கணினிகளிலும் ஒரே ரூட், ஒரே ரகசியச் சாவி, சாவியும் கணினிக்குள்ளேயே. அதைப் பூட்டியிருந்த கடவுச்சொல், இடைமறிப்பு மென்பொருளை எழுதிய நிறுவனத்தின் பெயர்: 'கொமோடியா'. செய்தி வெளியானவுடனேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் டெல் கணினிகளில் 'இ-டெல்-ரூட்' என்று ஏறக்குறைய இதே தவறு மறுபடி நடந்தது.

ஆகவே, பெட்டியோடு வந்த இயல்புச் சான்றிதழைப் பயன்படுத்தாதீர்கள். உங்களுக்கென்று புதிதாக உருவாக்குங்கள். இரண்டு வளாகங்கள் இருந்தால் இரண்டு சான்றிதழ்கள். ஆயுள் இருபது ஆண்டு வேண்டாம், மூன்றோ ஐந்தோ போதும். கணினிகளுக்கு அனுப்பும் கோப்பில் சான்றிதழ் மட்டும்தான் இருக்க வேண்டும். ரகசியச் சாவியும் சேர்ந்த பி.எஃப்.எக்ஸ். கோப்பைப் பொதுப் பகிர்வில் போட்டு 'இதை எல்லோரும் நிறுவுங்கள்' என்று சுற்றறிக்கை அனுப்பிய இடத்தையும் பார்த்திருக்கிறேன். கேட்வேயின் பேக்கப் கோப்புக்குள்ளும் சாவி இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்தக் கோப்பு மின்னஞ்சலில் போகக் கூடாது.

எங்கள் ரூட்டை நிறுவ முடியாத கருவிகள் இருக்கின்றன. உலகம் ஏற்கும் ஆணையம் ஒன்றிடமிருந்தே கேட்வேக்கு இடைநிலைச் சான்றிதழ் வாங்கினால் என்ன?

எந்த ஆணையமும் தரக் கூடாது, நீங்களும் கேட்கக் கூடாது. 2015-இல் சீனாவின் சி.என்.என்.ஐ.சி. ஆணையம், எகிப்தைச் சேர்ந்த எம்.சி.எஸ். ஹோல்டிங்ஸ் நிறுவனத்துக்கு ஓர் இடைநிலைச் சான்றிதழ் கொடுத்தது. அதன் சாவி இடைமறிக்கும் பிராக்ஸி ஒன்றுக்குள் வைக்கப்பட்டது. கூகுளின் பெயரில் சான்றிதழ்கள் உருவாயின, குரோம் கண்டுபிடித்தது, சி.என்.என்.ஐ.சி. தன் நம்பகத்தையே இழந்தது.

எந்தெந்த இடங்களில் ரூட் சான்றிதழை நிறுவ வேண்டும்?

விண்டோஸில் குரூப் பாலிசி வழியாக, 'டிரஸ்டட் ரூட் சர்டிஃபிகேஷன் அத்தாரிட்டீஸ்' பகுதியில், பயனர் கணக்குக்கு அல்லாமல் கணினி முழுமைக்கும். உபுண்டு, டெபியன் என்றால் உள்ளூர்ச் சான்றிதழ்களுக்கான அடைவில் போட்டுத் தொகுப்பைப் புதுப்பிக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. இயங்குதளத்தில் நிர்வாகி சேர்த்ததை ஏற்கும்படி நிறுவனக் கொள்கையில் சொல்லலாம்.

மாணவர்களின் நிரல்களில்தான் தொல்லை அதிகம். ஜாவா தன் 'கேசெர்ட்ஸ்' கோப்பைப் பார்க்கும், பைத்தானின் பல நூலகங்கள் 'செர்ட்டிஃபை' தொகுப்பைப் பார்க்கும், நோட் தனக்குள்ளேயே ஒரு பட்டியலை வைத்திருக்கும். இவற்றுக்குத் தனித்தனியாகச் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தராவிட்டால் மாணவர்கள் இணையத்தில் தேடி, சரிபார்ப்பை அணைக்கும் ஒற்றை வரியைத் தங்கள் நிரலில் ஒட்டிவிடுவார்கள். அந்த வரி பிறகு அவர்கள் சேரும் நிறுவனம் வரை கூடப் போகும். நிரல் தொகுப்புகளை இறக்கும் தளங்களை ஆய்விலிருந்தே விலக்கிவிடுவது எங்களுக்கு உதவியது.

மாணவர்கள், ஊழியர்களின் சொந்த போன்களில் நிறுவச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். அந்த போன் வீட்டுக்கும் போகிறது, அம்மாவின் வங்கிக் கணக்கையும் திறக்கிறது. கஜகஸ்தான் அரசு 2019-இல் தன் ரூட்டை மக்கள் தங்கள் கருவிகளில் நிறுவ வேண்டும் என்று கேட்டபோது கூகுள், மொசில்லா, ஆப்பிள் மூவரும் அதை உலாவிகளில் தடுத்தார்கள். நம் நோக்கம் வேறாக இருக்கலாம். கேட்பது அதே அதிகாரத்தைத்தான்.

தொழில்நுட்பமும் இடம் கொடுக்காது. ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் சேர்த்த ரூட்டைச் செயலிகள் இயல்பாக ஏற்பதில்லை. ஐபோனில் நிறுவிய பிறகும் அமைப்புகளுக்குள் போய் முழு நம்பிக்கையைத் தனியாக இயக்க வேண்டும். சொந்தக் கருவிகளுக்குத் தனி வைஃபை கொடுத்து, முகவரி அளவில் மட்டும் வடிகட்டுங்கள். கல்லூரிக் கணினிகளிலும் வங்கி, மருத்துவம், வருமான வரி சார்ந்த தளங்களை ஆய்விலிருந்து விலக்கி, ஆய்வு நடக்கிறது என்பதை எல்லோருக்கும் தெரியும்படி அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

ஆதார் பி.டி.எஃப்.-இல் கையெழுத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி வருகிறது. இதுவும் கேட்வே பட்டியலில் சரிசெய்ய வேண்டியதா?

இல்லை. அது பி.டி.எஃப். வாசிப்பானின் தனிப் பட்டியல். அதற்காகக் கேட்வேயிலோ விண்டோஸிலோ எந்த ரூட்டையும் சேர்க்க வேண்டாம்.

ரத்து செய்யப்பட்ட சான்றிதழைக் கேட்வே கண்டுகொள்ளுமா?

பல பெட்டிகளில் அந்தச் சோதனை அணைந்த நிலையிலேயே வரும். இயக்கிப் பாருங்கள்; ஆனால் முழுதாக நம்பாதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் 2025-இல், ஒரு சான்றிதழ் ரத்தாகிவிட்டதா என்று உடனுக்குடன் கேட்டறியும் ஓ.சி.எஸ்.பி. சேவையையே நிறுத்திவிட்டது, ரத்துப் பட்டியல்களை மட்டும் வெளியிடுகிறது. ஓ.சி.எஸ்.பி. மட்டுமே தெரிந்த கேட்வேக்கு அந்தச் சான்றிதழ்கள் விஷயத்தில் கேட்க ஆளில்லை. உலகம் போகும் திசை, சான்றிதழின் ஆயுளைக் குறைப்பது: 398 நாள் வரை இருந்த உச்சவரம்பு 2026 மார்ச் 15 முதல் 200, 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று தீர்மானிக்கப்பட்டிருக்கிறது.

பட்டியல் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

'பேட்எஸ்எஸ்எல்' என்ற சோதனைத் தளம் இதற்கென்றே இருக்கிறது. காலாவதியானது, பெயர் பொருந்தாதது, தானே கையெழுத்திட்டது, நம்பப்படாத ரூட், ரத்து செய்யப்பட்டது என்று ஒவ்வொரு குறைக்கும் ஒரு பக்கம். வளாகத்தின் சாதாரணக் கணினி ஒன்றிலிருந்து ஒவ்வொன்றாகத் திறங்கள். நிர்வாகியின் கணினி பெரும்பாலும் ஆய்விலிருந்து விலக்கப்பட்டிருக்கும், அதில் சோதித்துப் பயனில்லை. எது திறந்துகொள்கிறதோ அங்கே ஓட்டை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை இதைச் செய்து, முடிவை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்திடுகிறோம். கேட்வேயின் மென்பொருளைப் புதுப்பித்த அன்றும் செய்கிறோம், ஏனென்றால் புதுப்பிப்பில் சில அமைப்புகள் பழைய நிலைக்குப் போய்விடுவதுண்டு. கையால் சேர்த்த ஒவ்வொரு சான்றிதழுக்கும் அதே நோட்டில் ஒரு வரி: யார் கேட்டது, யார் சேர்த்தது, விரல்ரேகை, எப்போது எடுக்க வேண்டும்.

புதிய கேட்வே வாங்கிவிட்டோம். பழையதன் ரூட்டை என்ன செய்வது?

புதியது நிலைபெறும் வரை சில வாரம் இரண்டும் கணினிகளில் இருக்கலாம். பிறகு பழையதை நீக்க வேண்டும். குரூப் பாலிசியிலிருந்து எடுத்துவிட்டால் அதன் வழியாகப் போனது கணினிகளிலிருந்தும் போய்விடும். கையால் நிறுவிய கணினிகளிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அப்படியே கிடக்கும். எங்கள் நூலகக் கணினி ஒன்றில், மூன்று பெட்டிகளுக்கு முந்தைய ரூட் இன்னும் நம்பப்பட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டி பழைய பொருள் எடுப்பவரிடம் எடைக்குப் போய் ஆண்டுகள் ஆகியிருந்தன, உள்ளே சாவி இருக்கும் வட்டோடு. அதற்குப் பிறகு எந்தப் பெட்டியும் வட்டைக் கழற்றித் துளையிடாமல் எங்கள் வாசலைத் தாண்டுவதில்லை. நூலகத்தின் இருபத்திரண்டு கணினிகளிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து அந்தப் பெயரைத் தேடி நீக்க இரண்டு நாள் ஆனது.